‘ஜ’ வரிசையில் காணாமல் போன அக்கா

ஜானகியைக் கம்ப்யூட்டரில் காணவில்லை.

ஆனால் ஜானகி எங்களுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். முறத்தில் பூண்டைக் கொட்டிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாக உரித்துக்கொண்டிருந்தார். அவர் பெயரை டைப் செய்து தட்டினால் திரையில் வந்த பதில் ஒரே சொல்தான்... ‘இல்லை’.

வாசுகி மறுபடியும் தட்டினார். இல்லை. எழுத்து எழுத்தாகப் பார்த்து நிதானமாகத் தட்டினார். அப்போதும் இல்லை.

“என்னங்க, நான் இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டு ஜானகி சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

சிரித்துக்கொண்டிருந்த வாசுகியின் முகம் சட்டென்று மாறியது. “அப்போ... நேத்து வந்தவர்?” என்றார்.

எனக்கும் சிரிப்பு நின்றுபோனது.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். போன மாதம் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன் — ஆனால் முதல் எழுத்தை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

சேலம் ஜங்ஷனை ஒட்டிய சூரமங்கலத்தில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. மனநிலை சரியில்லாமல், வீட்டுக்கு வழி தெரியாமல், பஸ் ஸ்டாண்டிலும் பிளாட்பாரத்திலும் நின்றுவிடுகிற பெண்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் நம் பக்கத்தில் சில உண்டு. அந்த இல்லங்களுக்கெல்லாம் பொதுவான அலுவலகம் அது. யார் எந்த இல்லத்தில் இருக்கிறார், எங்கே கிடைத்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற விவரமெல்லாம் அங்கேதான். தேடி வருகிற சொந்தக்காரர்களும் முதலில் அங்கேதான் வருவார்கள்.

ஜங்ஷன் பக்கத்தில் ஏன் வைத்தார்கள்? ரயில் ஏறியவர் எங்கே இறங்குவார் என்று யாருக்குத் தெரியும்? வடக்கே ஏறியவர் இங்கே இறங்கி நிற்பார். இங்கே ஏறியவர் எங்கேயோ நிற்பார்.

அலுவலகத்துக்குப் பொறுப்பு வாசுகி. ஆத்தூர்க்காரர். எந்தக் கூட்டத்திலும் குரலை உயர்த்தாமல் வேலையை முடிக்கத் தெரிந்தவர். பின்கட்டில், உடம்பு தேறி, ஆனால் போக வீடில்லாத சில பெண்கள் சமையலையும் மற்ற வேலைகளையும் பார்த்துக்கொண்டு தங்கியிருக்கிறார்கள். ஜானகி அவர்களில் ஒருவர். நான் அங்கே போவது அவர்கள் வெளியிடும் சின்ன இதழில் ஒற்றுப்பிழை திருத்த. அப்படிச் சொல்லிக்கொள்கிறேனே தவிர, பாதி நேரம் ஜானகி போடும் காபிக்காகத்தான் போகிறேன்.

அந்த விவரங்கள் எல்லாம் இருந்தது ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில். அதை ஆன் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் மிக்ஸி ஓடுகிறதா என்று கேட்பார். ஒருநாள் திரை நீலமாகி நின்றது. மறுநாள் தானாகவே சரியானது. ஆனால் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. இது ஒரேயடியாகப் போய்விட்டால்?

“நான் மாத்திக் கொடுக்கறேங்க்கா” என்று வந்தவர் வளர்மதி.

என் தோழி. திருச்செங்கோட்டுப் பெண். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு. மொட்டை மாடியில் நின்றால் ஏற்காட்டுக்கு ஏறுகிற வண்டிகள் தெரியும். பெங்களூரு கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, எல்லாத் தகவலையும் இன்டர்நெட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். இனி எந்த இல்லத்திலிருந்தும் போனிலேயே பார்க்கலாம். பழையதில் எத்தனை பேரோ, புதியதிலும் அத்தனை பேர். படங்கள் சரி. தேதிகள் சரி. தமிழ் எழுத்து ஒன்றுகூட உடையவில்லை. வாசுகி கேசரி கிண்டச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார்.

கேசரி சாப்பிட்ட அடுத்த வாரம்தான் முருகேசன் வந்தார்.

“ஏனுங்க, காணாமப் போனவங்களத் தேடிக் குடுக்கறது இங்கதானுங்களா?”

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காவிரிக்கரையில் இருக்கிற பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர். நாற்பதைத் தாண்டியிருக்கும். உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

தேடி வந்தது அக்காவை. பெயர் ஜெயமணி. வீட்டுக்காரர் இறந்த பிறகு மனம் சரியில்லாமல் போயிருக்கிறது.

“மாத்தர சாப்ட்டா ஒண்ணுமே தெரியாதுங்க. எங்கள மாதிரியேதான் இருக்கும். நாங்கதான் நல்லாயிருச்சேன்னு கொஞ்சம் அசட்டையா இருந்துட்டமுங்க. மாத்தரய உட்டுருச்சு. ஒரு நா காலைல எந்திரிச்சுப் பாத்தா ஊட்ல இல்ல.”

அதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. போலீஸில் சொல்லியிருக்கிறார்கள். ஈரோடு, கோயமுத்தூர், திருச்சி என்று இல்லம் இல்லமாக ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு லீவு விட்டால் ஒரு ஊர். அப்படித்தான் பல வருஷம் போயிருக்கிறது.

போனில் படம் காட்டினார். ஏதோ விசேஷ வீட்டில் எடுத்தது. தலை நிறையப் பூ, முகம் நிறையச் சிரிப்பு. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுத் திருப்பி எடுத்திருக்கிறார்கள் போல... கையில் கரண்டி.

“இதுதானுங்க கடைசி எடம். சொந்தக்காரங்கெல்லாம் சொல்றாங்க... இத்தன வருசம் ஆச்சு, இன்னும் எதுக்குத் தேடிக்கிட்டு, படத்துக்கு மாலயப் போட்டுக் கும்புட்டுட்டு அவங்கவங்க பொழப்பப் பாருங்கன்னு. அம்மாதான் ஒத்துக்கவே மாட்டேங்குது. எம்புள்ள இருக்கறா, மாலை போட்டீன்னா நான் இந்த ஊட்ல இருக்க மாட்டேன்னு அழுவுது. நான் என்னங்க பண்றது? வார அமாவாசைக்குப் பண்ணிப்போடலாமுன்னு பேசிட்டம். அதுக்கு முன்னால ஒருக்கா இங்கயும் பாத்துப்போடலாமுன்னு வந்தனுங்க.”

வாசுகி டைப் செய்தார். ஜெயமணி. இல்லை. ஜெயா. இல்லை. ஜெயம்மா, ஜெயம், ஜெயமணியம்மாள்... சிலர் பெயரைப் பாதிதான் சொல்வார்கள், எழுதுகிறவர் வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று வாசுகிக்குத் தெரியும். எல்லா விதத்திலும் தேடினார். எதிலும் இல்லை.

பெயரே சொல்லத் தெரியாமல் வந்தவர்கள் தனிப் பிரிவில் இருக்கிறார்கள். அவர்கள் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். முருகேசன் ஒவ்வொரு முகத்தையும் அவசரப்படாமல் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

எல்லோருடைய படத்தையும் மொத்தமாகக் காட்டிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் காட்ட மாட்டார்கள். அந்தப் பெண்களில் சிலர் யாருக்கோ பயந்து ஓடி வந்தவர்கள். தேடி வருகிற எல்லோரும் முருகேசன் இல்லை.

“பரவால்லைங்க” என்று எழுந்துகொண்டார். “இல்லைங்கறதும் ஒரு பதில்தானுங்களே.”

காபி குடிக்கச் சொன்னோம். வேண்டாம் என்றார். போன் நம்பரை மட்டும் வாசுகி கேட்டு வாங்கிக்கொண்டார். “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டினார். நம் ஊரில் போகிறவர் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லையே. அன்றைக்கு அந்தச் சொல் காதில் வேறு மாதிரி விழுந்தது.

மறுநாள் காலையில்தான் ஜானகியின் மாத்திரை விவரத்தை டாக்டர் போனில் கேட்டார். வாசுகி தேடினார். மீதியைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

வளர்மதிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார் வாசுகி.

“வளரு, ஜானகி இல்லைன்னு வருது.”

“இருக்காதேங்க. எண்ணிக்கை பார்த்துத்தானே மாத்துனோம். வேற யாரையாவது தேடிப் பாருங்க.”

சாவித்திரி வந்தார். பழனியம்மாள் வந்தார். லட்சுமி... ஒரு பட்டாளமே வந்தது.

“‘ஜ’வுல ஆரம்பிக்கற வேற பேரு?”

ஜோதி. இல்லை. ஜெயந்தி. இல்லை. ஜோதியை நான் அதற்கு முந்தின வாரம்தான் நாமக்கல் இல்லத்தில் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குப் பாட்டுப் பாடிக் காட்டினார்.

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

“ஐயோ... வரிசை” என்றார் வளர்மதி. “நான் கிளம்பி வாரேன்.”

ஸ்கூட்டரை நிறுத்தியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். முருகேசன் வந்துபோனதையும் அமாவாசைப் பேச்சையும் சொன்னோம். தட்டினார், பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என்னதான் ஆச்சு என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னார்.

“பெரிய டிக்‌ஷனரில ஒரு வார்த்தைய எப்படிக்கா தேடுவீங்க? மொதப் பக்கத்துல இருந்தா?”

“இல்ல. குத்துமதிப்பா நடுவுல பிரிப்பேன்.”

“பிரிச்ச எடத்துல ‘ப’ இருக்கு. உங்களுக்கு வேணுங்கறது ‘க’. என்ன பண்ணுவீங்க?”

“முன்பக்கம் திருப்புவேன்.”

“அப்போ பின்னாடி இருக்கற பாதியத் தொடவே மாட்டீங்கல்ல? கம்ப்யூட்டரும் அதேதான் பண்ணுது. பாதி பாதியா ஒதுக்கிட்டே போவும். அதனாலதான் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பதில் சொல்லுது. ஆனா அதுக்கு எல்லாம் ஒரு வரிசைல அடுக்கியிருக்கணும். நம்ம பழைய கம்ப்யூட்டர் தமிழ் அகராதி மாதிரி அடுக்கி வெச்சிருந்துச்சு. அகராதில ‘ஜ’ எங்க வரும்?”

யோசித்துப் பார்த்தேன். க, ங, ச, ஞ என்று போய், ழ, ள, ற, ன என்று முடிந்து... அதற்கும் பிறகுதான் ஜ, ஷ, ஸ, ஹ. கடைசி பெஞ்ச்.

“இந்தப் புதுசு அப்படிப் பார்க்காதுக்கா. இது ஒவ்வொரு எழுத்துக்கும் குடுத்திருக்கற நம்பர வெச்சு வரிசை பார்க்குது. நம்ம நாட்டு எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்கறப்ப எல்லாத்தயும் ஒரே அச்சுல வெச்சு அடுக்கிட்டாங்க. அதுல ‘ச’வுக்குப் பக்கத்துலயே ‘ஜ’ உக்காந்திருக்கு. நான் பழைய ஃபைல அப்படியே தூக்கிட்டு வந்து வெச்சுட்டேன். அடுக்குனது ஒரு முறைல... தேடறது இன்னொரு முறைல.”

அவ்வளவுதான் விஷயம். ஜானகி எங்கே என்று கேட்டால், நடுவில் பிரித்துப் பார்க்கிறது. ‘ப’ தெரிகிறது. ‘ஜ’ இதற்கு முன்னாலேயே வந்துவிட வேண்டுமே என்று முடிவு செய்து, பின்பாதியை ஒதுக்கிவிடுகிறது. ஜானகியோ பின்பாதியின் கடைசியில், யாராவது கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருக்கிறார். ஆள் பத்திரமாக இருக்கிறார். எண்ணினால் கணக்கில் வருகிறார். தேடினால் மட்டும் கிடைக்க மாட்டார்.

எனக்கு என் சமையலறை ஞாபகம் வந்தது. என்னை ஆச்சரியப்படுத்துவதற்காக என் வீட்டுக்காரர் ஒரு தடவை டப்பாக்களை எல்லாம் மாற்றி அடுக்கிவைத்தார். சீரகம் வீட்டில்தான் இருந்தது. என் கை போகிற இடத்தில் இல்லை. கடைக்குப் போய்ப் புதுச் சீரகம் வாங்கிக்கொண்டு வந்தேன். அடுக்குகிறவரும் தேடுகிறவரும் ஒரே முறையை ஒப்புக்கொள்ளாவிட்டால், இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

“நான்தான் பண்ணிட்டேன். எண்ணிக்கை பார்த்தேன், தேடிப் பார்க்கல” என்றார் வளர்மதி.

“அப்புறம் வருத்தப்படலாம், மொதல்ல சரி பண்ணு” என்றார் வாசுகி. கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்கும்போது சொல்வது மாதிரி சொன்னார்.

சரி செய்வது பெரிய வேலையாக இல்லை. வளர்மதி தேடுகிற முறையைப் பழைய மாதிரியே மாற்றி, அடுக்கை முதலிலிருந்து அடுக்கச் சொன்னார். ஜானகி காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஜானகி வந்தார் — டம்ளரோடும் வந்தார், திரையிலும் வந்தார். ஜோதி வந்தார். ஜெயந்தி வந்தார்.

வாசுகி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஜெயமணி என்று தட்டினார்.

இருந்தார்.

ராசிபுரம் பக்கத்து இல்லம். சேலத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்றவரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள். பெயர் அவரே சொன்னது. ஊர் என்ற இடத்தில் ‘ஆத்தங்கரை’ என்று மட்டும் இருந்தது. அந்தப் பெயரில் ஊரைத் தேடி அலைந்து, கிடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

படத்தைப் பார்த்தோம். முடி ஒட்ட வெட்டிய, ஒடுங்கிய முகம். பந்தியில் கரண்டியோடு சிரித்த அந்த முகமா இது? இருக்கலாம் என்றேன் நான். தெரியல என்றார் வாசுகி.

“உடனே அவருக்கு போன் போடுங்க” என்றார் வளர்மதி.

வாசுகி போடவில்லை. “நேத்து இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டோம். இன்னைக்கு இருக்காங்கன்னு சொல்றோம். அவர் அவங்க அம்மாகிட்ட சொல்லிடுவார். வந்து பார்த்து, இவங்க வேற ஜெயமணின்னா? அந்தம்மாவ ரெண்டாவது தடவ அழவைக்க என்னால முடியாது.”

“அமாவாசை என்னைக்குங்க?” என்று கேட்டார் வளர்மதி.

சுவரில் காலண்டர் தொங்கியது. மறுநாள்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் முதலில் நாமே போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. டாக்சி பிடித்து மூன்று பேரும் கிளம்பினோம். வழியெல்லாம் வளர்மதி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

இல்லத்தில் ஜெயமணி துணி மடித்துக்கொண்டிருந்தார். வாசுகி பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு துணியை எடுத்து மடித்தார். ஊர் எது என்று கேட்டார். “ஆத்தங்கர” என்று பதில் வந்தது. எந்த ஆறு? அடுத்த துணியை எடுத்தார். வீட்டில் யார் யார்? அதையும் மடித்து அடுக்கினார்.

முருகேசன் என்று நான் வாயைத் திறக்கப் போனேன். வாசுகி கண்ணாலேயே நிறுத்தினார். பெயரை நாம் சொல்லிக் கொடுத்தால், எதற்குமே ஆமாம் என்று தலையாட்டுகிறவர்கள் உண்டாம். அவர்களாகச் சொல்ல வேண்டும்.

“ஊட்ல என்ன வேலைங்க பார்ப்பீங்க?” என்று கேட்டது வளர்மதி. அவர் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிட்டது.

ஜெயமணியின் கை நின்றது. பிறகு, இடது கையில் எதையோ பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்றுவது மாதிரி காட்டினார்.

“நூல் சுத்துவேன். தறிக்கு.”

“தறிய யாருங்க ஓட்டறது?”

“சின்னவன்.”

வளர்மதி எழுந்து வெளியே போய்விட்டார். வாசுகி முற்றத்துக்கு வந்து முருகேசனுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் முதலில் கேட்டது தறிச் சத்தம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வெளியே வந்துவிட்டார் போல.

வாசுகி சுற்றி வளைக்கவில்லை. கம்ப்யூட்டரை மாற்றியதில் தவறு நடந்துவிட்டது, நேற்றுச் சொன்ன பதில் சரியில்லை, ஒருவர் இருக்கிறார், உங்கள் அக்காவாக இருக்கலாம், நீங்கள் வந்து பார்த்தால்தான் உறுதி என்று சொன்னார்.

“நேத்து இல்லைன்னீங்களே” என்றார் முருகேசன்.

“ஆமாங்க. தப்பு எங்க பேர்லதான்.”

“மாலைக்குச் சொல்லியாச்சுங்க” என்றார். அப்புறம், “எங்கீங்க வரணும்?” என்றார்.

பைக்கிலேயே வந்துவிட்டார். தறியிலிருந்து அப்படியே கிளம்பியிருக்கிறார். சட்டையிலும் தலைமுடியிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போனோம். கதவுக்கு உள்பக்கம் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அவருக்கு உறுதி தேவைப்படவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எங்களுக்குத்தான் இன்னும் பயம். அக்காவுக்குத் தம்பியைத் தெரிகிறதா?

“அக்கா” என்றார்.

ஜெயமணி நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துணியை ஒருபக்கமாக வைத்துவிட்டு எழுந்து வந்தார். தம்பிக்கு முன்னால் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் தலையைப் பார்த்தார். கையை நீட்டி, முடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்.

“தொடச்சுட்டு வாரதில்லையா சாமி” என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. மூன்று பேரும் வெளியே வந்துவிட்டோம். வளர்மதி வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினார். வாசுகி, இல்லத்துப் பொறுப்பாளரிடம் டாக்டர் எப்போது வருவார், வீட்டுக்கு அனுப்ப என்னென்ன கையெழுத்து வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தார். சிலர் அழுவதற்குப் பதில் விசாரிப்பார்கள்.

உடனே கூட்டிப்போய்விட முடியாது. டாக்டர் பார்க்க வேண்டும், போலீஸில் சொல்ல வேண்டும், மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது என்று வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அதெல்லாம் முடியும்வரை முருகேசன் தினமும் வந்துபோனார். முதல் நாளே போனில் அம்மாவிடம் பேசவைத்தார். அந்த அம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களிடம் சொல்லாமல் இருந்திருப்பேனா?

வளர்மதி அதோடு விடவில்லை. கம்ப்யூட்டர் மாறியதிலிருந்து அன்றுவரை யார் யாரை ‘இல்லை’ என்று அனுப்பினோம் என்று வாசுகியிடம் கேட்டு, ஒவ்வொரு பெயரையும் திரும்பத் தேடினார். ‘ன’ எழுத்தும் இரண்டு முறையிலும் வேறு வேறு இடத்தில் வருவதால், கனகா மாதிரிப் பெயர்களும் தப்பியிருக்கலாம் என்று அவற்றையும் பார்த்தார். நல்லவேளை, வேறு யாரும் அப்படித் திரும்பிப் போகவில்லை. இப்போது ஒவ்வொரு வாரமும் எழுத்துக்கு ஒரு பெயராகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குத் தூக்கம் வருகிறது.

திரையில் வருகிற அந்தச் சொல்லையும் மாற்றிவிட்டார். ‘இல்லை’ என்று இப்போது வருவதில்லை. ‘இந்தத் தேடலில் கிடைக்கவில்லை. இன்னொரு முறை பார்ப்போம்’ என்று வருகிறது. நானும் வீட்டில் இதைப் பின்பற்றிப் பார்க்கிறேன். கண்ணாடி எங்கே, சாவி எங்கே என்று கேட்கும் என் வீட்டுக்காரருக்கு இந்தப் பதில் இன்னும் பிடிக்கவில்லை.

எத்தனை பேரை நாம் இப்படி அவசரமாக ‘இல்லை’ என்று முடித்திருக்கிறோம், சொல்லுங்கள். போனை எடுக்காத நண்பர். பேச்சை நிறுத்திக்கொண்ட தங்கை. அவர்கள் எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். நாம் ஒரே முறையில் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று எழுந்துவிடுகிறோம்.

போன வாரம் முருகேசன் போன் செய்தார். அக்கா வீட்டுக்கு வந்து சில நாட்கள் ஆகின்றன. மாத்திரையைத் தானே எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வருகிறதாம். எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“எங்கீங்க? கொழம்புல உப்புப் பத்தலைன்னு அக்கா சொல்லுது. நான் வெச்சா அப்படித்தான்னு அம்மா சொல்லுது. காலைல இருந்து ரெண்டு பேருக்கும் ஒரே சண்டைங்க” என்றார்.

பின்னணியில் இரண்டு பெண் குரல்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கேட்டன. ஒரு வீட்டுச் சண்டையை இவ்வளவு நிம்மதியாக நான் கேட்டது இதுதான் முதல் தடவை.